ஏரிக்கரையில இப்போ யாரு பாத்துக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல லீவு ஸ்பெஷல் பக்கத்துல ஏரிக்கரை கேம்பிங் பத்தி வந்திருந்த கட்டுரைய படிச்சேன். நல்லா தான் எழுதியிருந்தாங்க, டென்ட் எங்க போடணும், என்னென்ன எடுத்துட்டு போகணும், கொசுவுக்கு என்ன பண்ணணும், ராத்திரி குளிருக்கு என்ன போத்திக்கணும்னு எல்லாமே இருந்துச்சு, ஆனா தண்ணியில இறங்கற பசங்கள யாரு பாத்துக்கறதுங்கறதுக்கு ஒரே ஒரு வரி தான். "பெரியவர்கள் மேற்பார்வையில் குளிக்க விடுங்கள்." அவ்ளோதான். அந்த கட்டுரை வர்றதுக்கு முன்னாடியே, பெரியவங்க இருக்காங்கங்கற அதே நம்பிக்கையில தான் நாங்களும் போயிட்டு வந்தோம், அதனால தான் இந்த லெட்டர எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சிக்கோங்க.

நாங்க நாலு குடும்பம். காலேஜ்ல ஒண்ணா படிச்சவங்க, கல்யாணம் ஆகி ஆளுக்கொரு பக்கம் போய்ட்டோம், வருஷத்துக்கு ஒரு தடவ லீவுல ரெண்டு நாள் எல்லாரும் சேந்து எங்கயாவது போயிட்டு வர்றது வழக்கம். இந்த தடவ ஏரிக்கரையில டென்ட் போட்டு தங்கலாம்னு முடிவு. பெரியவங்க ஒம்பது பேரு, பசங்க ஏழு பேரு. பசங்க ரெண்டு வாரமா இதே பேச்சு, என் சின்னவ ஸ்லீப்பிங் பேக்க வீட்டு ஹால்லயே விரிச்சு மூணு நாள் அதுல தான் படுத்தா. சனிக்கிழமை காலையில போய் சேந்தோம், மதியத்துக்குள்ள டென்ட் எல்லாம் போட்டாச்சு, தண்ணி கண்ணாடி மாதிரி அசையாம கெடந்துச்சு, அலை கெடையாது, ஓட்டம் கெடையாது, பாக்கறதுக்கு அவ்ளோ சாது. கடல்னா யாரும் சொல்லாமயே நமக்கு ஒரு பயம் வந்துரும், ஆனா ஏரிய பாத்தா அந்த பயம் வரவே மாட்டேங்குது.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். பசங்க ஏழு பேரும் கரையோரமா தண்ணியில விளையாடிட்டு இருந்தாங்க, சின்னவளுக்கு இடுப்பளவு தண்ணி. ஒம்பது பெரியவங்களும் அங்கயே தான் இருந்தோம், யாரும் எங்கயும் போகல. ரெண்டு பேரு அடுப்ப பத்த வச்சிட்டு இருந்தாங்க, எங்க வீட்டுக்காரர் கார்ல இருந்து சாமான் எறக்கிட்டு இருந்தார், என் ஃப்ரெண்டோட அம்மா சேர் போட்டு உக்காந்திருந்தாங்க, நான் சிக்கிக்கிட்ட ஒரு டென்ட் கயித்த உக்காந்து பிரிச்சிட்டு இருந்தேன், தண்ணியில இருந்து பத்து பன்னெண்டு அடி தான் இருக்கும். அப்போ என் ஃப்ரெண்டோட பையன், பத்து வயசு, ரொம்ப சாதாரணமா கேட்டான், "ஆன்ட்டி, பாப்பா ஏன் வானத்தயே பாத்துட்டு இருக்கா?"

நான் நிமிந்து பாத்தேன். என் பொண்ணு தண்ணிக்குள்ள நேரா நிக்கற மாதிரி இருந்தா, தல மட்டும் பின்னாடி சாஞ்சிருக்கு, வாய் தொறந்திருக்கு, தண்ணி சரியா வாய் மட்டத்துல, வாய் உள்ள போகுது வெளிய வருது. முடி மொத்தமும் கண்ணு மேல ஒட்டிட்டு இருக்கு, அத அவ ஒதுக்கவே இல்ல. அது தான் எனக்கு உறைச்சது. சின்னவளுக்கு முடி கண்ணுல விழுந்தா ஒரு நொடி தாங்க மாட்டா. சத்தம் ஒண்ணு கூட இல்ல, கை ஆட்டல, அம்மான்னு கூப்பிடல, தண்ணி தெறிக்கல. அவளுக்கு ரெண்டு கை தூரத்துல மத்த பசங்க சிரிச்சு கத்தி விளையாடிட்டு இருந்தாங்க, அவங்களுக்கே தெரியல.

நான் எந்திரிக்கறதுக்குள்ள, கரையோரமா நின்னுட்டு இருந்த அந்த பையனோட அப்பா பாய்ஞ்சிட்டார். மூணு அடி வரைக்கும் அவருக்கு முட்டியளவு தண்ணி, நாலாவது அடியில நெஞ்சு வரைக்கும் போச்சு. அவ்ளோ பெரிய ஆளே தடுமாறினார். பொண்ண தூக்கி தோள்ல போட்டார், இருமினா, வாந்தி எடுத்தா, அப்புறம் அழுதா. அந்த அழுகைய கேட்டப்புறம் தான் எனக்கு போன உசுரு திரும்பி வந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்ல. பசங்க தூங்கினப்புறம் நாங்க ஒம்பது பேரும் உக்காந்து பேசினோம், யார் மேலயும் யாரும் பழி போடல, ஆனா ஒவ்வொருத்தரா சொல்லிட்டு வந்தது என்னன்னா, எல்லாரும் வேற யாரோ பாத்துக்கறாங்கன்னு நெனச்சிட்டு இருந்திருக்கோம். நான் தண்ணி பக்கம் மொகத்த வச்சு உக்காந்திருந்ததால அடுப்பு பக்கம் இருந்தவங்க நான் பாக்கறேன்னு நெனச்சாங்க. சேர்ல பாட்டி உக்காந்திருக்காங்க, அவங்க பாப்பாங்கன்னு நான் நெனச்சேன். பாட்டி சொன்னாங்க, இத்தன சின்ன வயசுக்காரங்க இருக்கீங்களேன்னு நான் கண்ண மூடி சாஞ்சிருந்தேன்னு. நான் தனியா என் பொண்ண கூட்டிட்டு போயிருந்தா ஒரு நிமிஷம் கூட கண்ண எடுத்திருக்க மாட்டேன், சத்தியமா சொல்றேன். ஒம்பது பேரு இருந்ததால தான் கண்ண எடுத்தேன். ஃப்ரெண்ட்ஸோட குடும்பம் குடும்பமா போறப்போ இருக்கற ஆபத்து இது தான், கூட்டம் இருக்கு, கவனம் இருக்குன்னு நெனச்சிடறோம்.

வீட்டுக்கு வந்தப்புறம் நான் இத பத்தி தேடி தேடி படிச்சேன். அமெரிக்காவுல லைஃப்கார்டா வேல பாத்த ஃப்ரான்செஸ்கோ பியான்னு ஒருத்தர், தண்ணியில மூழ்கறவங்க நெஜமாவே எப்படி இருப்பாங்கன்னு படம் புடிச்சு ஆராய்ஞ்சு எழுதியிருக்கார். அவர் சொல்றது அப்படியே என் பொண்ணுக்கு நடந்தது. மூழ்கறவங்களால கத்த முடியாது, ஏன்னா வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்த கொஞ்ச நேரத்துல மூச்சு விட்டு மூச்சு இழுக்கவே நேரம் பத்தாது, பேசறதுக்கு எங்க போறது. கைய தூக்கி ஆட்டவும் முடியாது, ரெண்டு கையும் பக்கவாட்டுல தண்ணிய கீழ அமுக்க தான் தானா போகும், ஒடம்பு அப்படி தான் பண்ணும். கால் ஒதைக்காது, ஒடம்பு நேரா நிக்கும். இப்படி 20 நொடியில இருந்து 60 நொடி வரைக்கும் தான் தாக்குப்பிடிக்க முடியும்னு சொல்றார், அப்புறம் உள்ள போயிடுவாங்க. அதுலயும் கொழந்தைங்க இன்னும் சீக்கிரம். நம்ம மனசுல இருக்கற படம் வேற, ஒருத்தர் கைய ஆட்டி காப்பாத்துங்க காப்பாத்துங்கன்னு கத்துவாங்க, நாம ஓடுவோம்னு. அப்படி கத்தறவங்களும் ஆபத்துல தான் இருக்காங்க, ஒடனே போகணும், ஆனா அவங்களுக்கு இன்னும் கத்தற அளவுக்கு மூச்சு இருக்கு. சத்தம் போட்டு விளையாடிட்டு இருந்த கொழந்த திடீர்னு அமைதியானா தான் ஒடனே திரும்பி பாக்கணும்.

அப்புறம் அந்த நாலாவது அடி. ஏரியோட அடிமட்டம் நீச்சல் குளம் மாதிரி சீரா சாயாது. கரையோரம் முட்டியளவு இருக்கும், அடுத்த அடியில திடீர்னு பள்ளம், மேல இருந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரி தான் தெரியும், கலங்குன தண்ணியா இருந்தா சுத்தமா தெரியாது, அடியில சேறா இருந்தா கால் வேற புதையும். ஆழம் தெரியாம கால விடாதேன்னு பெரியவங்க சொன்னத நாம வியாபாரத்துக்கும் கடனுக்கும் தான் சொல்லிட்டு இருக்கோம், ஏரிக்கரையில அது வார்த்தைக்கு வார்த்த உண்மை. மறுநாள் காலையில நாங்க பண்ணது இது தான், நீச்சல் தெரிஞ்ச ரெண்டு பெரியவங்க லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு, கையில நீளமா ஒரு குச்சி வச்சிட்டு, ஒவ்வொரு அடியா குத்தி பாத்துட்டே போனாங்க. பள்ளம் ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, கரைக்கு இணையா ஒரு கயித்த கட்டி, அதுல மூடி போட்ட காலி தண்ணி கேன்கள மெதக்க விட்டாங்க. அந்த கேனத் தாண்டி யாரும் போகக்கூடாது. இத சனிக்கிழமையே பண்ணியிருக்கணும், அர மணி நேர வேல.

குளிரயும் சொல்லணும். வெயில் காலத்துல ஏரி தண்ணி மேல மட்டும் வெதுவெதுன்னு இருக்கும், ஆழமான ஏரியா இருந்தா கொஞ்சம் கீழ போனாலே கால சுருக்குன்னு கடிக்கும், ஏன்னா சூடான தண்ணி லேசு, மேலயே நிக்கும், குளிர்ந்த தண்ணி கனம், அடியில தங்கிடும். படகுல இருந்தோ பாறையில இருந்தோ பொசுக்குன்னு குதிக்கறப்போ அந்த குளிர் பட்டவொடனே நம்மள அறியாம வாயத் தொறந்து மூச்ச இழுத்துடுவோம், அந்த நேரம் மொகம் தண்ணிக்குள்ள இருந்தா அந்த ஒரு மூச்சுலயே தண்ணி உள்ள போயிடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களும் இதுல மாட்டிக்கறாங்க. அப்படி ஆச்சுன்னா ஒடனே நீந்த முயற்சி பண்ணாம, தலைய பின்னாடி சாய்ச்சு, காதுவரைக்கும் தண்ணி படற மாதிரி மல்லாந்து மெதக்கணும், அந்த திணறல் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல அடங்கும், அப்புறம் நீந்தலாம், கூப்பிடலாம். பெரிய பசங்களுக்கு இத கண்டிப்பா சொல்லிக்குடுங்க, எங்க பசங்களுக்கு இப்போ நீச்சல் குளத்துல மெதக்கறத தனியாவே பழக்கிட்டு இருக்கோம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை காலையில, இனிமே தண்ணி பக்கமே போகக்கூடாதுன்னு சிலர் சொன்னாங்க, நானும் அப்படி தான் நெனச்சேன், ஆனா பாட்டி தான் சொன்னாங்க, பயந்து போகவிடாம தடுத்தா பசங்க திருட்டுத்தனமா போவாங்க, ஒழுங்கு பண்ணிட்டு விடுங்கன்னு. ஒரு ஃப்ரெண்டோட தலையில கட்டற மஞ்ச கலர் பேண்ட் ஒண்ணு இருந்துச்சு. அத கையில போட்டிருக்கறவங்க தான் பாக்கணும்னு வச்சிக்கிட்டோம். ஒரு ஆளுக்கு 15 நிமிஷம். அந்த 15 நிமிஷம் ஃபோன தொடக்கூடாது, புக் கூடாது, அடுப்பு பக்கம் கூப்பிட்டா போகக்கூடாது, யாரும் பேச்சு குடுக்கவும் கூடாது. குடிச்சிருக்கறவங்களுக்கு பேண்ட் கெடையாது. நேரம் முடிஞ்சா பேண்ட கழட்டி அடுத்தவங்க கையில போட்டு, "ஏழு பேரு தண்ணியில, இப்போ உங்க டர்ன்"னு வாய் விட்டு சொல்லணும், வாங்கறவங்க எண்ணி பாத்து "ஏழு பேரு, நான் பாத்துக்கறேன்"னு திருப்பி சொல்லணும். வாங்க ஆள் இல்லன்னா பசங்க எல்லாரும் கரைக்கு வந்தாகணும். இத வாட்டர் வாட்சர்னு சொல்றாங்க, பல நாடுகள்ல கழுத்துல மாட்டிக்கற டேக் கூட வச்சிருக்காங்கன்னு அப்புறம் தான் தெரிஞ்சது, எங்களுக்கு தலைமுடி பேண்டே போதுமா இருந்துச்சு.

செஞ்சு பாத்தா தான் தெரியுது, 15 நிமிஷம் தண்ணியவே பாத்துட்டு உக்காந்திருக்கறது எவ்ளோ கஷ்டம்னு. பத்தாவது நிமிஷத்துல கண்ணு தானா மரத்துக்கு போகுது, மேகத்துக்கு போகுது. அதனால தான் மாத்தி மாத்தி பாக்கணும், ஒருத்தரே நாள் பூரா பாக்கறேன்னு சொல்றது நடக்காத காரியம். அது பெரும்பாலும் அம்மாக்கள் தலையில தான் விழும், அதயும் சொல்லிடறேன். எங்க முறையில அப்பாக்களுக்கும் சரிபாதி டர்ன் வந்துச்சு. இன்னொன்னு, நீச்சல் தெரியாத சின்ன கொழந்தைங்களுக்கு கரையில இருந்து பாக்கறது பத்தாது, பெரியவங்க ஒருத்தர் தண்ணியிலயே கை எட்டற தூரத்துல நிக்கணும். என் சின்னவளுக்கு ஆறு வயசு, இப்போ அவ தண்ணியில இருந்தா நானோ எங்க வீட்டுக்காரரோ கூடவே நிக்கறோம்.

காத்தடிச்ச ட்யூப், கையில மாட்டற பலூன், வாத்து மாதிரி மெதக்கற பொம்ம, இதெல்லாம் விளையாட்டு சாமான், பாதுகாப்பு சாமான் இல்ல. ஏரியில கரையில இருந்து உள்பக்கமா காத்து அடிச்சா அந்த மெதவை கொழந்தையோட சேந்து நடு ஏரிக்கு போயிடும், நாம நீந்தற வேகத்த விட வேகமா போகும். லைஃப் ஜாக்கெட்டே வேணும், அதுவும் அளவு சரியா இருக்கணும், போட்டு கொக்கி எல்லாம் மாட்டினப்புறம் தோள்பட்டையில புடிச்சு மேல தூக்கி பாருங்க, காது வரைக்கும் ஏறி வந்துச்சுன்னா அது பெருசு, தண்ணியில விழுந்தா கொழந்த கீழ வழுக்கிடும். ஜாக்கெட் போட்டாச்சுன்னு பாக்கறத நிறுத்திடவும் கூடாது.

எங்களுக்கு ஒருத்தர் பாய்ஞ்சது நல்லதா முடிஞ்சது, நெஞ்சளவு தண்ணி, அவருக்கு நீச்சல் தெரியும். ஆனா பல குடும்பத்துல காப்பாத்த குதிச்சவங்களும் சேந்து போயிருக்காங்க. மூழ்கறவங்க எது கெடச்சாலும் புடிச்சு மேல ஏற பாப்பாங்க, அது அவங்க தப்பு இல்ல. அதனால முடிஞ்ச வரைக்கும் கரையில இருந்தே படுத்துக்கிட்டு குச்சியோ துண்டோ நீட்டணும், தூரமா இருந்தா கயிறு கட்டுன காலி கேன தூக்கி போடணும். இந்த கேனும் கயிறும் தண்ணி பக்கத்துலயே இருக்கணும், கார் டிக்கியில இருந்தா பிரயோஜனம் இல்ல.

தூக்கினப்புறம் மூச்சு இல்லன்னா ஆம்புலன்ஸுக்கு ஒருத்தர் ஃபோன் போடும்போதே இன்னொருத்தர் முதலுதவிய ஆரம்பிச்சிடணும். தலைகீழா தூக்கி ஆட்டறது, வயித்த அமுக்கி தண்ணி எடுக்கறது, இதெல்லாம் பண்ணக்கூடாது, நேரம் தான் போகும், வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போகவும் வாய்ப்பு இருக்கு. மூழ்கினவங்களுக்கு தேவ காத்து தான், அதனால நெஞ்ச அமுக்கறது மட்டும் பத்தாது, வாய் வழியா மூச்சும் குடுக்கணும். இத படிச்சு கத்துக்க முடியாது, முதலுதவி கிளாஸ்ல பொம்ம மேல செஞ்சு பாக்கணும். நாங்க நாலு குடும்பத்துல இருந்தும் எட்டு பேரு சேந்து இப்போ கத்துக்கிட்டோம்.

என் பொண்ண அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம். டாக்டர் நெஞ்சுல வச்சு கேட்டுட்டு, சில மணி நேரம் வச்சிருந்து பாத்துட்டு அனுப்பினார். இருமல் நிக்கலன்னாலோ, மூச்சு வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறா தூங்கி வழிஞ்சாலோ ஒடனே வரணும்னு சொன்னார். அதுக்கப்புறம் சொந்தக்காரங்க வாட்ஸ்ஆப்ல அனுப்புன மெசேஜ் எல்லாம் பாத்து நான் ரொம்ப பயந்துட்டேன், ஒரு வாரம் கழிச்சு கூட திடீர்னு கொழந்த போயிடும்னு, ட்ரை ட்ரௌனிங்னு என்னென்னமோ. 2002ல ஆம்ஸ்டர்டாம்ல தண்ணியில மூழ்கறத பத்தி நடந்த உலக மாநாட்டுலயே அந்த மாதிரி பேரெல்லாம் வேணாம்னு நிபுணர்கள் முடிவு பண்ணிட்டாங்க. நல்லா இருக்கற கொழந்த நாள் கணக்கு கழிச்சு காரணமே இல்லாம அப்படி போகாது, பிரச்சனைன்னா சில மணி நேரத்துலயே தெரியும்னு டாக்டரும் பொறுமையா வெளக்கினார். என்ன மாதிரி பயந்து கெடக்கற அம்மாக்களுக்காக இத எழுதறேன்.

இது எங்க வீட்டு கத மட்டும் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பர்ல வெளியிட்ட அறிக்கையில, 2021ல மட்டும் உலகம் பூரா சுமார் 3 லட்சம் பேரு தண்ணியில மூழ்கி எறந்திருக்காங்கன்னு இருக்கு. அதுல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு அஞ்சு வயசுக்கு கீழ உள்ள கொழந்தைங்க. அதே அறிக்கை, 2000ல இருந்து இந்த சாவு வீதம் 38 சதவீதம் கொறஞ்சிருக்குன்னும் சொல்லுது, அப்போ தடுக்க முடியற விஷயம் தானே இது.

ராத்திரிக்கும் ஒண்ணு ரெண்டு. டென்ட்ட தண்ணி ஓரத்துலயே போடணும்னு எல்லாருக்கும் ஆச, ஆனா ஒரு 60 மீட்டராவது தள்ளி போடுங்க, ஏரிக்கும் நல்லது, நடுராத்திரி தூக்கக்கலக்கத்துல எந்திரிச்சு வர்ற கொழந்தைக்கும் நல்லது, எங்க டென்ட் ஜிப்போட ரெண்டு கொக்கியவும் மேல இழுத்து சேத்து கட்டி வச்சோம், பெரியவங்களுக்கு மட்டும் கை எட்டற மாதிரி. குளிருதுன்னு கரி அடுப்ப டென்ட்டுக்குள்ள கொண்டு போகவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது நெறமும் கெடையாது, தூக்கத்துலயே முடிஞ்சிடும். இடி சத்தம் கேட்டா தண்ணிய விட்டு வெளிய வந்து காருக்குள்ள ஏறிடணும், டென்ட் துணி மின்னல தடுக்காது, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகட்டும்.

சின்னவ மறுபடி தண்ணிக்கு போவாளான்னு பயந்தேன். மூணு வாரம் கழிச்சு நீச்சல் குளத்துக்கு கூட்டிட்டு போனோம், படியில நின்னுட்டு எங்க ரெண்டு பேரையும் திரும்பி பாத்து, "இப்போ யாரு பாக்கறது?"ன்னு கேட்டா. அவங்க அப்பா "நான் தான்"னு சொன்னப்புறம் தான் கால வச்சா.

ஆசிரியர் அவர்களே, வருஷா வருஷம் ஜூலை 25ஆம் தேதிய தண்ணியில மூழ்கறத தடுக்கறதுக்கான உலக நாளா ஐநா சபை 2021ல அறிவிச்சிருக்கு. அந்த நாள் வர்ற வாரத்துல உங்க லீவு பக்கத்துல ஒரு சின்ன பெட்டி செய்தி போடுங்க, மூழ்கற கொழந்த பாக்கறதுக்கு எப்படி இருக்கும்னு ஒரு படமும், 15 நிமிஷம் மாத்தி மாத்தி பாக்கற முறையும் மட்டும் போதும். பெரிய எழுத்துல போட்டீங்கன்னா பாட்டி தாத்தாவும் படிப்பாங்க, அத வெட்டி எடுத்து கேம்பிங் பையில போட்டுக்கறவங்க நெறய பேரு இருப்பாங்க.

இப்படிக்கு,
ரெண்டு பொண்ணுக்கு அம்மா, உங்க பல வருஷ வாசகி